மெந்தால் மிட்டாய் கரையும் வரை

இன்று மத்தியானம் நம் லேபுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் ஒரு பட்டை மெந்தால் மிட்டாய் வாங்கினேன். எனக்கு இருமலும் இல்லை, தொண்டை வலியும் இல்லை. போனில் பணம் போய்ச் சேர்ந்த சத்தம் கடைக்காரரின் ஸ்பீக்கர் டப்பாவிலிருந்து வருவதற்குள் ஒன்றைப் பிரித்துவிட்டேன். அந்தக் குளிர்ந்த வாசனை மூக்கில் ஏறியதும், நீ என் இடது பக்கம் நிற்பதாக உடம்பு நம்பிவிட்டது. திரும்பியே பார்த்தேன். அங்கே ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்து அவரே பயந்துபோய், "ஏனாய்த்தம்மா?" என்று கன்னடத்தில், என்ன ஆச்சென்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது லேப் கேன்டீனில், நீ எப்போதும் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைக்கும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று மணிக்கு மீட்டிங். வாங்கிய தயிர்சாதம் அப்படியே இருக்கிறது. எழுதினால் கை நடுக்கம் குறையும் என்று நினைத்தேன். எழுத்துதான் கோணல்மாணலாகப் போகிறது. உயிரோடு இருப்பவர்கள் யாரிடமாவது பேசலாம்தான். ஆனால் இந்தப் பயத்தை உன்னிடம் மட்டும்தான் வெட்கமில்லாமல் சொல்லிப் பழக்கம்.

விஷயம் வேன். நீயும் நானும் சேர்ந்து போய்க் கேட்டு வாங்கினோமே, அதே வேன். அதை நிறுத்தப்போகிறார்கள். அடுத்த மாதம் முதல் காலை ஷிப்ட் நாலரைக்கே தொடங்குமாம். ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டுமாம். வேன் கிடையாது, அவரவர் சொந்த ஏற்பாட்டில் வந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மெயில். அதைப் படித்தவுடன் லேபில் இருந்த பெண்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உனக்குப் பிறகு நான்தான் இன்சார்ஜ் என்பதை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் அடிக்கடி மறந்துபோகிறது.

விடியற்காலை நாலு மணிக்கு லிங்கராஜபுரத்தில் என் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பாலத்தடியில் விளக்கு எரிந்த நாளே கிடையாது. நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும். குடித்துவிட்டு வீடு போகாத ஆட்களும் அங்கேதான் இருப்பார்கள். அந்த நேரத்தில் போனில் ஆட்டோ கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியில் ரத்து செய்வான். அந்தோணிக்கு அச்சகத்தில் இரவு வேலை, பெண்டாட்டியைக் கொண்டுவந்து விட அவர் வீட்டிலேயே இருக்கமாட்டார். "வேன் இல்லேன்னா வேலையே வேணாம் ஜெசி. நீ அந்த இருட்டுல நடந்து வர்றன்னு நெனச்சா எனக்கு அங்க மெஷின்ல கை வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். ரத்தம் எடுக்கிற கவிதாவை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு தர்மபுரியிலிருந்து வந்தவள். ஜீவனஹள்ளியில் ஒற்றை அறையில் அம்மாவையும் மகளையும் வைத்துக்கொண்டு இருக்கிறாள். "வேன நிறுத்திட்டா நா ஊருக்கே போயிட வேண்டிதான்க்கா. அங்க போயி என்னா பண்றதுன்னுதான் தெரில" என்று நேற்று சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட என் மனசு இவ்வளவு கலங்கியிருக்காது.

ஆக, இன்று நான் கேட்க வேண்டும். கேட்பது என்பது எனக்கு எப்படிப்பட்ட காரியம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்.

அந்த ட்ரெயினிங் நினைவிருக்கிறதா? ஹோட்டல் ஹாலில் நம்மை எல்லாம் உட்கார வைத்து, வேலை செய்யும் இடத்தில் சச்சரவு வந்தால் எப்படித் தீர்ப்பது, எப்படிப் பேசி முடிப்பது என்று ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தார்களே. ஏ.சி. குளிரில் நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் ஒளிந்திருந்தேன். அந்த ட்ரெயினர் சரியாக என்னைத்தான் எழுப்பினார். அக்கவுண்ட்ஸ் ஆள் ஒருவரை மேனேஜராக உட்கார வைத்து, அவரிடம் இரண்டு நாள் லீவு கேளுங்கள் என்றார். நான் போய் நின்றேன். அந்த மனிதர் இன்னும் வாயையே திறக்கவில்லை. நான், "சார், லீவு... பரவால்ல சார், ஓகே சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஹால் முழுவதும் சிரித்தது. நான் நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

நீ பின்னாலேயே வந்து கதவைத் தட்டினாய். "கேக்கறதுக்கு முன்னாடியே வாபஸ் வாங்கிட்டியேடி! உலகத்துலயே நீ ஒருத்திதான்டி இப்படி!" என்று வெளியே நின்று சிரித்தாய். மற்றவர்கள் சிரித்தபோது அழுகை வந்தது. நீ சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம் லேபிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது நீ ஒரு அறிவிப்பு செய்தாய். "இன்னிலருந்து இந்த ரோட்டுல நான்தான் ஹரீஷ் சார். நீ நீதான். டெய்லி என்கிட்ட ஏதாவது ஒண்ணு கேக்கணும். கேட்டு வாங்கலேன்னா பஸ் ஏற விடமாட்டேன்." நம் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஹரீஷ் சார் மூக்குக் கண்ணாடியை நடுவிரலால் மேலே தள்ளிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே பேசுவார் இல்லையா? நீ கண்ணாடியே இல்லாமல் அதைச் செய்தாய். ரிச்சர்ட்ஸ் டவுனில் மரம் மூடிய அந்த ரோட்டில், நாய் கூட்டிப் போகும் பெரிய வீட்டுப் பெண்கள் நின்று பார்க்கும்படி, "வாட் இஸ் திஸ், ஜெசிந்தா? எவரிடைம் சம் ப்ராப்ளம்!" என்று கத்துவாய். நீதான் என்று தெரிந்தும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பேன். அப்படி நிற்காதே என்று என் கையைத் தட்டிவிடுவாய்.

தினமும் நடந்தது அது. லீவு கேட்டேன், புது நாற்காலி கேட்டேன், சாம்பிள் வைக்கும் ஃபிரிட்ஜைப் பழுது பார்க்கக் கேட்டேன். ஒருநாள் நீ வெறுத்துப்போய், "எனக்கு ஒரு யானை வாங்கிக் குடுங்கன்னு கேளுடி, அதையாவது தெளிவா கேளு" என்றாய். யானையைத் தெளிவாகத்தான் கேட்டேன். கிடைக்காது என்று தெரிந்த பொருளைக் கேட்பதற்கு எனக்குப் பயமே வரவில்லை.

உன் சட்டங்கள் கொஞ்சம்தான். வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொன்னதும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் முக்கியமானது. "சொல்லிட்டு வாய மூடு. அப்ப ஒரு அமைதி வரும். அது உன்னைப் பிடுங்கித் தின்னும். நீ உடனே 'பரவால்ல சார்'னு அதை ரொப்பிடுவ. ரொப்பாத." அதற்காகத்தான் மெந்தால் மிட்டாய் என்று நான் நம்பினேன். எந்த மீட்டிங்குக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நீ ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாய். எனக்கும் ஒன்று தருவாய். "இது கரையற வரைக்கும் மூச்சு விடாத. அதுக்குள்ள அவங்களே பேசிடுவாங்க." நான் அதை மருந்துபோல் பயபக்தியோடு வாங்கி நாக்கடியில் வைத்துக்கொள்வேன்.

அப்புறம் ஒருநாள் ஆளை மாற்றினாய். பார்க் பெஞ்சில் என்னைப் பிடித்து உட்கார வைத்தாய். "இன்னிக்கு நீ ஹரீஷ் சார். நான் வந்து வேன் கேக்கறேன்." காலை ஷிப்டை ஆறு மணிக்கு மாற்றியிருந்த சமயம் அது. முதல் பஸ்ஸைப் பிடிக்க நாம் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தோம். நீ வந்து எதிரே நின்று, "சார், காலை ஷிப்டுக்கு வர்ற லேடீஸுக்கு வேன் வேணும்" என்றாய். நான் இல்லாத கண்ணாடியை மேலே தள்ளினேன். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. நீ பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். திடீரென்று என் வாயிலிருந்து, "உங்களுக்கு வேன் குடுத்தா மத்த பிராஞ்சுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? என்னை மேல கூப்பிட்டுக் கேப்பாங்களே!" என்று வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு நிஜமாகவே முதுகு வேர்த்திருந்தது.

நீ கை தட்டினாய். "இப்பத் தெரியுதா, அந்தாளு எதுக்குப் பயப்படறாருன்னு? அத மட்டும் கண்டுபிடிச்சிட்டா போதும்டி. நீ மட்டும்தான் பயந்துட்டிருக்கன்னு நெனச்சுக்கறதுதான் உன் பிரச்சினையே."

அப்படித்தான் நாம் இருவரும் வேன் கேட்கப் போனோம். ஹரீஷ் சார் அறையில், அந்தக் குழிவிழுந்த இரண்டு நாற்காலிகள். நீ எப்போதும்போல் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாய். அது உன் ஸ்டைல் என்று நினைத்து நான் வீட்டில் கண்ணாடி முன் அப்படி உட்கார்ந்துகூடப் பார்த்திருக்கிறேன். பேச்சு எல்லாம் கன்னடமும் இங்கிலீஷும். எல்லாப் பிராஞ்சுக்கும் சேர்த்துக் கேட்கவில்லை, ஆறு மணிக்குத் தொடங்குகிற லேப் இது ஒன்றுதான், மேலே அந்தக் காரணத்தையே சொல்லிக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னாய். அவர் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

அப்போது நீ வாயை அசைக்காமல் தமிழில், "ஆளு எறங்கி வர்றாரு. இன்னும் கொஞ்சம் இழுக்கலாம்" என்றாய். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ, "மூஞ்சியப் பாரேன், வேகாத இட்லி மாதிரி" என்றேன். நாம் கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். இந்த ஊரில் யார் முன்னாலும் தமிழில் ரகசியம் பேசக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை யாருக்குத் தமிழ் தெரியாது? வருஷக்கணக்காக அவர் நம்மிடம் கன்னடமே பேசியதால் நாமாக முடிவு கட்டிக்கொண்டோம்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினார். "வேன் போட்டுத் தர்றேன்மா. ஆனா வேகாத இட்லின்னு சொன்னதுதான் மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்றார், சுத்தமான தமிழில். "நான் அல்சூர்ல பொறந்தவன். அங்க பாதித் தெரு தமிழ்தான்." எனக்குப் போன உயிர் திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. வெளியே வந்து நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் ஒரு வாரம் அவர் எதிரே வராமல் மாடிப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

அந்த வேனில்தான் நீ உன் இடுப்பு வலியைப் பற்றி முதன்முதலில் சொன்னாய். உட்கார்ந்தே இருப்பதால் என்றாய். நானும் தலையாட்டினேன். நாள் முழுக்க ஊராரின் ரத்தத்தைப் பரிசோதிக்கிறவர்கள் நாம். உன் ரத்தத்தைப் பரிசோதிக்க நமக்குத் தோன்றியது எவ்வளவோ பிந்தி.

அந்த ஆஸ்பத்திரி மத்தியானத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை கூசுகிறது. ஆனால் மணி இரண்டு ஆகிறது, இதை எழுதாமல் உள்ளே போக முடியாது போலிருக்கிறது. உன் தம்பி சாப்பிடப் போயிருந்தான். நீ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஜெசி, நீ டாக்டரா இரு" என்றாய்.

"எனக்கு வராதுடி."

"ஹரீஷ் சாரா நடிச்சப்போ எனக்கு மட்டும் வந்துச்சா? சாயங்காலம் அவரு வருவாரு. நான் ஒண்ணு கேக்கணும். கேட்டுப் பழகணும். உக்காரு."

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நீ நேராக என் கண்ணைப் பார்த்து, "டாக்டர், எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?" என்று கேட்டாய். ஒரே வாக்கியம். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாய். அந்த அமைதி என்னைப் பிடுங்கித் தின்றது. ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது, வெளியே யாரோ டிராலி தள்ளிப் போனார்கள். "அத... அத டாக்டர்தான் சொல்லணும்" என்றேன்.

"நீதான்டி டாக்டர்."

என்னால் முடியவில்லை. நீயும் தொடர்ந்து பேச முயன்றாய். உன் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டதுபோல் வார்த்தை குழறியது. மேசை டிராயரைக் காட்டினாய். மெந்தால் பட்டை இருந்தது. ஒன்றைப் பிரித்து உன் வாயில் போட்டேன். கொஞ்சம் பொறுத்து, "இது டெக்னிக்கும் இல்ல, மண்ணும் இல்லடி" என்றாய். "பயந்தா எனக்கு வாய் காஞ்சிரும். பேச்சே வராது. அதுக்குத்தான் எப்பவும் போட்டுக்குவேன். நீ பெருசா நம்புனியேன்னு அப்படியே விட்டுட்டேன்."

"நான் தைரியசாலின்னு யாருடி சொன்னா உனக்கு?" என்று சிரித்தாய்.

அப்புறம் ஆளை மாற்றலாம் என்றாய். நான் நீ, நீ டாக்டர். நான் கட்டிலில் உன் காலடியில் உட்கார்ந்தேன். நாள் கணக்கைக் கேட்க என் வாய் வரவில்லை. பல தடவை நீ சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது, உன் வீட்டு ஃபேனின் கீச்சுச் சத்தத்தில் ஒருமுறை தூங்க வேண்டும் என்று. "டாக்டர், நான் வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

நீ கால்மாட்டில் தொங்கிய ரிப்போர்ட் ஃபைலை வாங்கிப் புரட்டினாய். நம் தொழிலில் எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியாதா? ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு டாக்டரின் குரலில், "போலாம்மா. இனி இங்க இருந்து என்ன ஆகப் போகுது" என்றாய். ஃபைலை மூடி என்னிடமே கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அன்று நான் பயந்த மாதிரி அதற்கு முன்பும் பயந்ததில்லை, பின்பும் பயந்ததில்லை. சாயங்காலம் நிஜ டாக்டரிடம் நீ வீட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டாய். அவர் உடனே சரி என்றார். அவருக்கு எது பயம் என்று நீ கண்டுபிடித்திருந்தாய். நாள் கணக்கைச் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்றுதான் அவரும் பயந்துகொண்டிருந்தார். உன் ஃபேனுக்குக் கீழே ஒரு வாரம் தூங்கினாய். அவ்வளவுதான்.

மூன்று ஆகப்போகிறது. கவிதா வந்து கதவோரம் நிற்கிறாள். இதை மடித்துப் பையில் வைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதுடி.

*

இப்போது வீட்டில் இருக்கிறேன். அந்தோணி வேலைக்குக் கிளம்பிவிட்டார். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அறை மாறிவிட்டது, நாற்காலிகள் புதியவை. ஹரீஷ் சாருக்கு முடி நரைத்துவிட்டது. அவர் பக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேடம். அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. மிகவும் மரியாதையாகப் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் உதறலாக இருந்தது. கத்துகிறவர்களிடம் நிற்க நீ பழக்கியிருந்தாய். புன்னகை செய்துகொண்டே கதவை மூடுகிறவர்களுக்கு நாம் பயிற்சி எடுக்கவில்லை. மற்ற ஊர்களில் எந்த லேபிலும் வேன் கிடையாது, எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதான் நியாயம் என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்.

நான் வாயில் மிட்டாயோடு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே வாக்கியம் சொன்னேன். காலை ஷிப்டுக்கு வரும் பெண்களுக்கு வேன் தொடர வேண்டும். சொல்லிவிட்டு நிறுத்தினேன். அமைதி வந்தது. "பரவால்ல மேடம்" என்பது தொண்டை வரை வந்து நின்றது. மிட்டாயைக் கடித்தே விட்டேன்.

அப்போது ஹரீஷ் சார் குனிந்து பேப்பரைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், தமிழில் சொன்னார்: "போதும்மா, விடுங்க. இதுக்கு மேல கேட்டா காரியம் கெட்டுடும்."

எழுந்து வந்துவிடலாம் என்றே நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். பார்க் பெஞ்சில் ஹரீஷ் சாராக உட்கார்ந்து முதுகு வேர்த்தவள்தானே நான். அவர் என்னை மிரட்டவில்லை. அவருக்கே பயமாக இருந்தது. அன்று பெஞ்சில் அவராக நடித்தபோது மேலே கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றேனே, அவர்களில் ஒருவர் இன்று அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் அந்த மேடம் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அது எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் கேட்டுவிட்டேன். "மேடம், ரிப்போர்ட் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் உங்களுக்குக் கவலை இருக்காது?"

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். புன்னகை போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று ரிப்போர்ட் தாமதம் என்று ஒப்பந்தத்தையே முடிக்கப் பார்த்ததாம். எட்டு மணிக்குள் டாக்டர் கையில் இருக்க வேண்டும், அது போதும், ஆனால் ஒருநாள்கூடத் தவறக் கூடாது என்றார். நாலரை மணி என்பது அவர்கள் பயத்தில் போட்ட கணக்கு.

அதற்குப் பிறகுதான் என் நாக்கு அவிழ்ந்தது. காலையில் வந்ததும் முதல் ஒரு மணி நேரம் நாம் சாம்பிளைத் தொடுவதே இல்லை, மெஷின் சரியாக அளக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதிலேயே போகிறது. இரவு வேலையில் இருக்கும் முனிராஜ் அதை முடித்து வைத்தால், ஐந்தரைக்கு வேனில் வந்து இறங்குகிறவர்கள் நேராக வேலையைத் தொடங்கலாம், ஏழரைக்கெல்லாம் முதல் ரிப்போர்ட் போய்விடும் என்றேன். முனிராஜிடம் நேற்றே கேட்டுவிட்டேன். யார் தலையில் பாரம் விழுமோ அவரிடம் முதலில் கேட்கணும் என்பாயே. "செய்யறேன் மேடம், ஆனா ஞாயித்துக்கெழம எனக்கு ரஜா குடுத்துடணும்" என்றான். அந்த லீவையும் கொடுத்தாயிற்று.

மேடம் ஹரீஷ் சாரைப் பார்த்து, இது நடக்குமா என்று கேட்டார். அவர் கண்ணாடியை மேலே தள்ளினார். "நடக்கும் மேடம்" என்றார்.

வேன் இருக்கிறது. மூன்று மாதம் பார்ப்பார்களாம். ரிப்போர்ட் தாமதமானால் வேன் போய்விடும் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே பயம் தீர்ந்துவிடவில்லை. இனி தினமும் ஏழரை மணிவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று மாதம் கழித்து மறுபடி அந்த அறைக்குள் போக வேண்டும்.

எழுந்திருக்கப் போனபோதுதான் கவனித்தேன். என் இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருந்தன. எப்போது வைத்தேன் என்று தெரியாது. வெளியே எடுத்ததும் அவை கட்டுக்கடங்காமல் ஆடின. மேடம் பார்த்துவிடக் கூடாது என்று மறுபடி அப்படியே உள்ளே வைத்துக்கொண்டேன். அப்போதுதான், இத்தனை வருடம் கழித்து, நீ ஏன் அப்படி உட்கார்ந்தாய் என்று எனக்குப் புரிந்தது. நான் அதை ஸ்டைல் என்று நினைத்துக் கண்ணாடி முன் பழகினேனே!

லாக்கர் பக்கம் கவிதா காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே அண்ணாந்து பார்த்து, "அவ்ளோ பெரிய ஆளுங்க முன்னாடி எப்பிடிக்கா பேசுனீங்க? ஒங்களுக்குப் பயமே இல்லியா?" என்று கேட்டாள்.

நீயாக இருந்தால் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்கும் அப்படிச் சிரிக்க ஆசையாகத்தான் இருந்தது. அவளும் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு போகட்டுமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் நான் கையை நீட்டிக் காட்டினேன். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்தாள். எழுந்து வந்து தன் இரண்டு கைகளாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் நிற்கவில்லை. ஆனாலும் அவள் விடவில்லை. வேன்காரர் ஹாரன் அடிக்கும்வரை அப்படியே நின்றோம்.

மிச்சப் பட்டை என் பையில் இருக்கிறது. உன் சட்டங்களும் இருக்கின்றன. எல்லாவற்றோடும் சேர்த்து இன்று முதல் உன்மேல் ஒரு கோபமும் இருக்கிறது, அதையும் நான்தான் சுமக்க வேண்டும். அத்தனை மீட்டிங்கிலும் உன் பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன். ஒரு கையை வெளியே எடுத்திருந்தால் போதுமேடி. நான் பிடித்துக்கொண்டிருப்பேனே.